கவர்னர் காசு

செலியமேட்டில் பலராமன் வீட்டுக்கு யாரும் கதவு எண் சொல்லி வழி கேட்பதில்லை. "கவர்னர் காசு வூடு எது?" என்றால் போதும். கேட்டவரை அழைத்து வந்து வாசலில் விட்டுவிட்டு, பலராமன் வெளியே வருவதற்குள் வழி காட்டியவர் நழுவிவிடுவார். அங்கே நின்றால் கதை கேட்க வேண்டியிருக்கும், கதை முடிய ஒரு மணி நேரம் ஆகும் என்பது ஊருக்கே தெரியும்.

கதை இதுதான். பலராமனின் கொள்ளுத் தாத்தா தாண்டவராயர் காலத்தில் ஒரு பெருமழை. பாகூர் ஏரிக்கரை உடைய இருந்தது. தாண்டவராயர் நூறு ஆட்களோடு போய் நின்று கரையைக் காப்பாற்றினார். சேதி கேட்டு, பிரெஞ்சு கவர்னர் குதிரை வண்டியில் வந்து இறங்கி, தன் சட்டையில் குத்தியிருந்த தங்க வில்லையைக் கழற்றித் தாண்டவராயர் மார்பில் குத்தினார். பலராமனின் அப்பா சொன்னவரைக்கும் கதை இவ்வளவுதான். பலராமன் கைக்கு வந்த பிறகு அதற்கு நல்ல உரம் விழுந்தது. நூறு ஆட்கள் முந்நூறு ஆனார்கள். போன தீபாவளிக்குக் கவர்னர் கண் கலங்கினார். இந்தப் பொங்கலுக்கு அவருடைய மனைவியும் வண்டியிலிருந்து இறங்கிவிட்டாள்.

"தாண்டவராயர் சட்டையே போட்டதில்லன்னு உங்க அப்பா சொல்லுவாரு. வெறும் மாருல எங்க குத்துனாராம் கவர்னரு?" என்று பலராமனின் மனைவி வள்ளியம்மாள் ஒருமுறை கேட்டாள். மறுநாளிலிருந்து கதையில் தாண்டவராயர் தோளில் ஒரு சால்வை வந்து உட்கார்ந்துகொண்டது.

கவர்னர் காசு என்று ஊர் சொல்கிற அந்த வில்லை பூஜை அறையில் இருந்தது. ஒரு சின்ன வெள்ளித் தட்டின் நடுவில் அரக்கு ஊற்றி, அதில் பதித்து வைத்திருந்தார்கள். முன்பக்கம் மட்டும் தெரியும். ஒரு பெண்ணின் தலை. முடியில் நெற்கதிர் மாதிரி என்னவோ. மகாலட்சுமியேதான் என்று வீட்டில் முடிவாகி நான்கு தலைமுறை ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டுத் தேய்த்து, சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள்.

இப்படியே போயிருந்தால் ஒரு வம்பும் இல்லை. பலராமனுக்கு அறுபது முடிந்ததும் ஆசை ஒன்று வந்தது. ஊருக்குள் திரும்பும் இடத்தில் ஒரு வளைவு கட்ட வேண்டும். அதன் உச்சியில் தாண்டவராயர் தலைப்பாகையும் மீசையுமாக உட்கார்ந்திருக்க வேண்டும். கீழே எழுத்து: "பிரெஞ்சு கவர்னர் திருக்கரத்தால் பொன்வில்லை பெற்ற ஏரி காத்த வள்ளல் தாண்டவராயர் நினைவு வளைவு." வரியை யோசித்தவர் பலராமன். செலவும் அவருடையதுதான். தூண் இரண்டும் எழும்பிவிட்டன. சிலை செய்கிற கலைவேந்தன் தலைப்பாகையை முடித்துவிட்டு மீசையில் இருந்தான். கொம்யூன் பஞ்சாயத்தில் அனுமதி வாங்குவது ஒன்றுதான் பாக்கி. அது வெறும் சம்பிரதாயம் என்று பலராமன் நினைத்திருந்தார்.

சம்பிரதாயத்தின் குறுக்கே சூசைநாதன் வந்து நின்றார்.

சூசைநாதன் ஓய்வு பெற்ற தபால்காரர். பாகூர் பள்ளிக்கூடத்தில் பலராமனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். முப்பத்தைந்து வருஷம் மற்றவர்கள் எழுதிய கடிதங்களைச் சுமந்தவர், ஓய்வு பெற்றதும் தானே எழுதத் தொடங்கிவிட்டார். எல்லாம் மனுக்கள். இந்த மனு சின்னதுதான். "எந்தக் கவர்னர்? எந்த வருஷம்? என்ன ஆதாரம்? ஆதாரம் காட்டினால் வளைவுக்கு அடுத்த செங்கலை நானே தலையில் சுமந்து வருகிறேன்."

கொம்யூன் அதிகாரி ஸ்டெல்லா பலராமனைக் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னாள்: "ஐயா, பொது ரோட்டோரத்துல அனுமதி வாங்காம தூண் எழுப்பிட்டீங்க. ஆதாரம் இருந்தா முறைப்படுத்தலாம். அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை விசாரணை. அன்னிக்கு ஆதாரம் இல்லன்னா தூணை இடிச்சிடுவோம்."

"ஆதாரந்தானே? தங்கமே இருக்குது. தங்கத்தவிட ஆதாரம் ஏது?" என்று சொல்லிவிட்டு வந்தார் பலராமன்.

முதலில் அவர் பிடித்தது "நாணயச் சக்கரவர்த்தி" என்று விசிட்டிங் கார்டில் போட்டிருந்த ஒருவரை. சக்கரவர்த்தி நேரில் வரவில்லை. வாட்ஸப்பில் போட்டோ அனுப்பச் சொன்னார். அரை மணியில் சான்றிதழ் வந்தது. ஓரமெல்லாம் பூ வேலை, மேலே இரண்டு சிங்கம். "இது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ரோமாபுரி மகாராணியின் பொற்காசு என உறுதி செய்யப்படுகிறது." பலராமன் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு ஸ்டெல்லாவிடம் போனார்.

அவள் இரண்டு முறை படித்தாள். "ஐயா, ரோமாபுரி ராணி காசு பிரெஞ்சுக் கவர்னர் சட்டையில எப்படி வந்துது?"

"அவங்களுக்குள்ள ஏதோ பழக்கம் இருந்திருக்கும்மா."

சட்டம் வீட்டுக்குத் திரும்பி வந்தது. வள்ளியம்மாள்தான் வழி சொன்னாள். "பாகூர்ல செல்வகுமாரின்னு ஒரு பொண்ணு இருக்குது. மெட்ராஸ்ல ஏலக் கம்பெனியில பழைய காசு, மெடல் பாக்குற வேலையில இருந்துதாம். இப்ப வூட்லயே பாக்குது. வெளிநாட்டுலருந்தெல்லாம் அதுக்குப் பார்சல் வருதுன்னு கூரியர்காரன் சொல்றான். சிங்கம் போட்டுக் குடுக்காதாம். பாத்தத மட்டுந்தான் எழுதுமாம்."

செல்வகுமாரியை வீட்டுக்கு வரச் சொல்லி போன் செய்தார் பலராமன். "கருவியெல்லாம் இங்கதான் இருக்கு. நீங்க கொண்டாங்க ஐயா" என்று அவள் சொல்லிவிட்டாள். கவர்னரே தேடி வந்த குடும்பம் பஸ் ஏறிப் போவதா? கார் எடுத்தார். வெள்ளித் தட்டைப் பட்டுத் துணியில் சுற்றி முன் இருக்கையில் வைத்தார். வள்ளியம்மாள் கூட வந்தாள். கேட்டதற்கு, "தட்டு உங்க கையில நடுங்கும்" என்றாள்.

செல்வகுமாரிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஜன்னலோரம் ஒரு மேஜை. அதன் மேல் ஒரு தராசு, கண்ணாடி டம்ளரில் தண்ணீர், கொஞ்சம் நூல், ஒரு லென்ஸ். சக்கரவர்த்தியின் கார்டில் இருந்த கிரீடம்கூட இந்த அறையில் இல்லையே என்று பலராமனுக்குச் சப்பென்று போய்விட்டது.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்தக் காலத்துல ஒரு பெருமழை..." என்று தொடங்கினார்.

"கதை அப்புறம் கேக்கறேன் ஐயா. மொதல்ல கேட்டா கண்ணு அதையே தேடும். ரெண்டு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. இத்தத் தட்டுலருந்து கடைசியா எப்ப எடுத்தாங்க?"

"எடுத்ததே இல்ல. கொள்ளுத் தாத்தா பதிச்சு வெச்சது."

"எதப் போட்டுத் தேய்க்கறீங்க?"

"வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை புளி" என்றாள் வள்ளியம்மாள் பெருமையாக.

யாரோ காலை மிதித்துவிட்டதைப் போல செல்வகுமாரி ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். "அதான் அம்மனுக்கு மூக்கு இல்ல. நூறு வருஷமாத் தேச்சிருக்கீங்க. இனிமே தொடாதீங்கம்மா. பழசு பழசா இருந்தாத்தான் சேகரிக்கறவங்க மதிப்பாங்க."

லென்ஸை வைத்துக் குனிந்தாள். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தாள்.

"முடியில இருக்கறது கோதுமைக் கதிர்" என்றாள். "வெளைச்சலுக்குன்னு வெள்ளக்காரங்க வெச்சிருந்த பொம்பள சாமி. நீங்க லட்சுமின்னு கும்பிட்டது ரொம்பத் தப்பில்ல. கழுத்துக்குக் கீழ பொடியா எழுத்து தெரியுதா? செதுக்குனவர் பேரு. பிரெஞ்சு வேலைதான். ரோமாபுரி இல்ல."

"நாந்தான் அன்னிக்கே சொன்னேனே" என்றார் பலராமன். அவர் அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை.

"இந்தப் பக்கத்துல வெல போடல பாருங்க. அனேகமா இது கடையில குடுத்துப் பொருள் வாங்குற காசில்ல. மரியாதைக்கு அடிச்ச வில்ல. மெடல்னு சொல்லுவோம். தங்கமா, மேல பூசுனதான்னு தெரியணும்னா தட்டுலருந்து எடுக்கணும். எடுக்கட்டுமா?"

பலராமன் தயங்கினார். நான்கு தலைமுறை தொடாதது. வள்ளியம்மாள், "எடும்மா, நாங்களும் எத்தினி நாளைக்கு ஒரே பக்கத்தக் கும்பிடறது?" என்றாள்.

செல்வகுமாரி உள்ளே போய் தலைமுடி உலர்த்தும் மெஷினை எடுத்து வந்தாள். இதற்கென்று ஏதோ விஞ்ஞானக் கருவி வரும் என்று எதிர்பார்த்திருந்த பலராமனுக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது. சூடு ஏற ஏற அரக்கு இளகியது. மரக்குச்சியால் மெல்ல நெம்பினாள். டொக் என்று வில்லை கழன்று துணியில் விழுந்தது. பின்பக்கம் முழுக்கக் கருப்பாக அரக்கு அப்பியிருந்தது.

ஒட்டியிருந்ததில் பெரும்பகுதியை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஊறவைத்து எடுத்தாள். எழுத்துகளின் மேல் மட்டும் ஒரு கருப்புப் படலம் மிச்சம் இருந்தது. தராசில் வைத்தாள். இருபத்துநாலரை கிராமுக்குக் கொஞ்சம் மேல். பிறகு நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு எடை பார்த்துப் பேப்பரில் கணக்குப் போட்டாள்.

"பதினேழரை வருது. அதே அளவு தண்ணியவிடப் பதினேழரை மடங்கு கனம். பித்தளைன்னா எட்டரையத் தாண்டாது, வெள்ளின்னா பத்தரை. இருபத்திரண்டு காரட்டுக்குக் கிட்டத்துல இருக்கு ஐயா. அசல் தங்கம்."

பலராமனின் மார்பு மேஜை விளிம்பைத் தொடும் அளவுக்கு விரிந்தது.

"இன்னொண்ணு." வில்லையைப் பக்கவாட்டில் நிறுத்தி லென்ஸை அவர் கையில் கொடுத்தாள். "காசு பாக்கறவங்க முகத்தத்தான் பாப்பாங்க. நாங்க மொதல்ல விளிம்பத்தான் தேடுவோம். இங்க இன்னா தெரியுது?"

"ஒரு கொம்பு மாதிரி..."

"பழம் கொட்டுற கொம்பு. பாரீஸ் அச்சுச்சாலை முத்திரை. பக்கத்துல ரெண்டு எழுத்து இருக்கா? தங்கம்னு பிரெஞ்சுல எழுதியிருக்கு. இதே அச்சுல வெண்கலத்துல நாலு பாத்திருக்கேன். வெள்ளியில ரெண்டு. தங்கத்துல இதுதான் மொதல் தடவ. சேகரிக்கறவங்க காதுல விழுந்தா உங்க வாசல்ல சண்ட நடக்கும்."

பலராமன் உடனே போனை எடுத்தார். "டேய் கலைவேந்தா! மீசைய இன்னும் ரெண்டு சுத்து முறுக்குடா. ஆமா, கழுத்தையும் கொஞ்சம் நிமித்து."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே செல்வகுமாரி மிச்சமிருந்த படலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பஞ்சு கருத்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. நேற்று அடித்ததைப் போல அத்தனை கூர்மை. அவள் கை நின்றது. ஒரு தரம் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள்.

"ஐயா, கொஞ்சம் உக்காருங்க."

"உக்காந்துதானேம்மா இருக்கேன்."

"விவசாயக் கண்காட்சி. பாகூர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு. தாண்டவராயன்."

"பாத்தியா!" பலராமன் மனைவி பக்கம் திரும்பினார். "பேரே போட்டிருக்குது!"

"பேருக்கு மேல இன்னொரு வரி இருக்கு. முதல் பரிசு. காளை."

பலராமன் யோசித்தார். அவருக்கு நம்பிக்கை அவ்வளவு சுலபமாகத் தளராது. "காளைன்னா... வீரத்துக்குச் சொல்றதும்மா. காளை மாதிரி ஆம்பளன்னு கவர்னரு..."

"இல்லைங்க. பொலிகாளைக்கு எழுதற வார்த்தைதான் இது. கண்காட்சியில நல்ல மாட்டுக்குக் குடுக்கற பரிசு."

வள்ளியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"ஆனா இத்த மட்டும் வெச்சு நான் எழுதித் தர மாட்டேன்" என்றாள் செல்வகுமாரி. "ஒரு சாட்சி போதாது. அந்த வருஷத்து அரசிதழ்ல பரிசுப் பட்டியல் வந்திருக்கும். பத்து நாள் குடுங்க."

அந்தப் பத்து நாளும் பலராமன் நிறைந்த நம்பிக்கையோடுதான் இருந்தார். பட்டியலில் வேறு ஏதாவது இருக்கும். அச்சுப் பிழையாக இருக்கும். மாட்டுக்கு அடித்து வைத்ததைக் கவர்னர் அவசரத்தில் மாற்றிக் கொடுத்திருப்பார். இந்தக் கடைசி விளக்கம் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதைக் கதையில் எங்கே நுழைப்பது என்றுகூடப் பார்த்து வைத்தார்.

பதினோராம் நாள் செல்வகுமாரி ஒரு நகலை அவர் முன் வைத்தாள். பழுப்பேறிய பிரெஞ்சுப் பக்கம். அதன் ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தாள். பொலிகாளைகள், முதல் பரிசு, தங்க வில்லை: மயிலைக் காளை, வயது ஐந்து. உரிமையாளர்: தாண்டவராயன், செலியமேடு. வளர்த்தவர்: சவரிமுத்து, அதே ஊர். வளர்த்தவருக்குப் பரிசு: கம்பளிப் போர்வை ஒன்று.

"கம்பளியா? இந்த ஊர் வெயிலுக்கா?" என்றாள் வள்ளியம்மாள்.

"பிரான்சுல என்ன குடுப்பாங்களோ அதையே இங்கயும் குடுத்திருக்காங்கம்மா."

"ஏரிக்கரை?" என்றார் பலராமன் மெல்ல.

"அந்த வருஷம் பூரா பாத்துட்டேன் ஐயா. அதுக்கு முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு. ஏரிக்கு ஒரு வரிகூட இல்ல." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். "இன்னொரு விஷயம். பின்பக்கத்துல தேய்மானமே இல்ல. வாங்கின சூட்டோட அரக்குல பதிச்சிட்டாங்க. அந்தப் பக்கத்த யாரும் பாக்கக்கூடாதுன்னு யாரோ நெனச்சிருக்காங்க."

யாரோ என்ன யாரோ. பலராமனுக்கு ஒரு கணம் கோபம் வந்தது. அடுத்த கணமே கொள்ளுத் தாத்தாவின் மேல் இதுவரை இல்லாத மரியாதை வந்தது. நூற்றுச் சொச்சம் வருஷம் ஒரு ஊரையே வெறும் அரக்கால் ஏமாற்றியிருக்கிறார். தன் கற்பனை எங்கிருந்து வந்தது என்று அவருக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

"அம்மா, ஒண்ணு செய்யலாம். முன்பக்கத்த மட்டும் எழுதிக் குடு. அசல் தங்கம், பிரெஞ்சு அரசாங்க வில்ல, எங்க குடும்பத்துது. இதுல பொய் ஒண்ணுமில்லயே?"

"ஒரு பக்கம் மட்டும் எழுதிக் குடுக்கறவங்க இருக்காங்க ஐயா. நீங்கதான் அவங்களப் பாத்துட்டு வந்துட்டீங்களே" என்று சிரித்தாள் செல்வகுமாரி. "நான் எழுதுனா ரெண்டு பக்கமும் எழுதுவேன்."

சான்றிதழும் இரண்டு தாள்தான். முதல் தாளில் எடை, உலோகம், முத்திரை, முன்பக்கம். இரண்டாம் தாளில் பின்பக்கம், அரசிதழ், காளை, கம்பளி, கையெழுத்து. வீட்டுக்கு வரும் வழியில் காரை ஓட்டிக்கொண்டே பலராமன் பின்னைக் கழற்றி, இரண்டாம் தாளை நான்காக மடித்து உள்பாக்கெட்டில் வைத்தார்.

"அங்க வெச்சா அது இல்லாம போயிடுமா?" என்றாள் வள்ளியம்மாள்.

"நீ ரோட்டப் பாரு."

"நானா வண்டி ஓட்றேன்? நீங்கதான் பாக்கணும்."

விசாரணை நாளன்று காலை பதினோரு மணிக்குக் கொம்யூன் ஆபீஸில் கூடினார்கள். பலராமன் வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு. சட்டைப் பையில் வில்லை, பட்டுத் துணியில். சூசைநாதன் மடியில் ஒரு யூரியா சாக்கு. அதற்குள் எதையோ சுருட்டி வைத்திருந்தார்.

ஸ்டெல்லா முதல் தாளை வாங்கிப் படித்தாள். "நல்லா எழுதியிருக்காங்க. இப்படித்தான் இருக்கணும்." தாளின் அடியைப் பார்த்தாள். "ரெண்டு தாள்ல ஒண்ணாவதுன்னு போட்டிருக்கே. ரெண்டாவது தாள் எங்க?"

"அது சும்மாம்மா. கையெழுத்து மட்டுந்தான்."

"கையெழுத்து இல்லாத சான்றிதழ நான் எப்படி எடுத்துக்கறது?"

பலராமன் அதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்தபோது சூசைநாதன் எழுந்தார். "மேடம், அவரு தேடட்டும். அதுக்குள்ள நான் ஒரு விஷயம் சொல்லிக்கறேன்." சாக்கைத் திறந்து எடுத்தார். ஒரு பழைய கம்பளி. பூச்சி தின்றது போக முக்கால்வாசி மிஞ்சியிருந்தது. மூலையில் மங்கலாக ஒரு சிவப்புக் கோடு.

"எங்க தாத்தா சவரிமுத்து கண்ண மூடுற வரைக்கும் ஒரே கதையச் சொல்லிக்கினு இருப்பாரு. தான் வளத்த மயிலைக் காளை வெள்ளக்காரன்கிட்ட தங்கம் வாங்குச்சு, தனக்கு இந்தக் கம்பளியக் குடுத்தான்னு. சாராயத்துல சொல்றாருன்னு வூடே சிரிச்சுது. நானும் சிரிச்சிருக்கேன். ஆனா இந்த ஊர்ல எவன் கம்பளி வாங்குவான்? அதான் எனக்கு உறுத்திக்கினே இருக்குது. மேடம், தங்கம் வாங்குனது எங்க காளை. அது எங்க போச்சோ தெரியல. இவரு தட்டுல ஒட்டி வெச்சிக் கும்பிடறது ஏதோ பித்தள."

ஏரிக்கரை பொய் என்று சூசைநாதன் சொல்லியிருந்தால் பலராமன் பொறுத்துக்கொண்டிருப்பார். கவர்னர் வரவே இல்லை என்றிருந்தாலும் சமாளித்திருப்பார். பித்தளை என்றதில் ரத்தம் பாதி ஏறியது. எங்க காளை என்றதில் மீதியும் ஏறியது.

"யாரு காளைடா?" நாற்காலி பின்னால் சரிய எழுந்தார். "டேய் சூசை! யாரு காளைங்கறேன்! ஒங்க தாத்தா புல்லு போட்டாரு, குளிப்பாட்டுனாரு, ஒத்துக்கறேன். காளை யாருது? தொழுவம் யாருது?"

"அப்பிடி ஒரு காளை இருந்துதுன்னு ஒனக்கு எப்பிடிப்பா தெரியும்?" என்றார் சூசைநாதன் ஆச்சரியமாக.

கேள்வி பலராமன் காதில் விழவே இல்லை. பட்டுத் துணியை உதறி, வில்லையை எடுத்து, அதிகாரியின் மேஜையில் குப்புறப் போட்டார். "படிங்க மேடம்! பித்தளையாம்ல பித்தள! பாரீஸ் முத்திரை! பதினேழரை மடங்கு கனம்! முதல் பரிசு, காளை, தாண்டவராயன்! எங்க வூட்டு காளை!" உள்பாக்கெட்டில் கைவிட்டு இரண்டாம் தாளை உருவி அதையும் பக்கத்தில் அறைந்தார். "சந்தேகம் இருந்தா இந்தாங்க, கையெழுத்தோட!"

தான் என்ன செய்தோம் என்பது பலராமனுக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

ஸ்டெல்லா தாளைக் கடைசி வரை படித்தாள். உதட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அதிகாரி சிரிக்கக் கூடாது. "அப்ப அந்த ஏரிக்கரை, ஐயா?"

"அது வேற சம்பவம்மா" என்றார் பலராமன். குரலில் பழைய கம்பீரம் அவ்வளவாக இல்லை.

சூசைநாதன் மேஜை அருகே வந்து குனிந்து பார்த்தார். பிரெஞ்சு அவருக்குத் தெரியாது. ஆனாலும் எழுத்துகளின் மேல் விரலை வைத்தார், ஒவ்வொன்றாக, முகவரி தேடுகிற தபால்காரரைப் போல. "தாத்தா பொய் சொல்லல" என்றார் மெதுவாக. "பாவிங்க நாங்க, சாவுற வரைக்கும் சிரிச்சோம்." பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "கம்பளி? கம்பளியப் பத்தி எழுதியிருக்குதா?"

"ரெண்டாவது தாள், கடைசிக்கு முந்தின வரி" என்றார் பலராமன். அந்தத் தாள் அவருக்கு மனப்பாடமாகியிருந்தது.

ஸ்டெல்லா அந்த வரியைச் சத்தமாகப் படித்தாள். அந்தக் கண்காட்சி நாளுக்குப் பிறகு சவரிமுத்து என்ற பெயர் சர்க்கார் முன்னிலையில் இரண்டாம் முறையாக வாசிக்கப்பட்டது. சூசைநாதன் கம்பளியை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டார். சிவந்த கண்ணை மறைக்க, "பூச்சி மருந்து நெடி" என்றார்.

"ஆதாரம் இருக்கு" என்றாள் ஸ்டெல்லா. "ஆனா ஆதாரம் எதுக்கு இருக்கோ அதத்தான் வளைவுல எழுத முடியும். ஏரி காத்த வள்ளல் வராது. காளைன்னா கையெழுத்துப் போடறேன். வளத்தவர் பேரும் வரணும். இல்லன்னா தூணு போகும். ரெண்டு பேரும் பேசிச் சொல்லுங்க."

பலராமன் ஜன்னல் வழியே பார்த்தார். அரைகுறையாக நிற்கிற இரண்டு தூண்கள் கண்முன் வந்தன. அவை இடிந்து விழுவதை ஊரே கூடி வேடிக்கை பார்ப்பதும் வந்தது. பிறகு ஒரு காளை வந்தது. வெள்ளைக்காரர்களே மெச்சிய காளை. கொம்பு, திமில், கழுத்து மணி. யோசிக்க யோசிக்க அது நல்ல காளையாகத் தெரிந்தது. இந்த ஜில்லாவில் எவன் வீட்டுக் காளை பாரீஸ் தங்கம் வாங்கியிருக்கிறது?

"காளையே இருக்கட்டும்" என்றார். "ஆனா உரிமையாளர் பேரு மேல. வளத்தவரு பேரு கீழ."

"பக்கத்துல" என்றார் சூசைநாதன்.

"எழுத்து ஒரே அளவா?"

"அன்னிக்குத் தங்கம் ஒங்களுக்கு, கம்பளி எங்களுக்கு. எழுத்துலயும் அப்பிடியா?"

"சரி, பக்கத்துலயே போட்டுத் தொலை."

சொன்ன சொல் தவறாமல் சூசைநாதன் ஒரு செங்கலைத் தலையில் சுமந்து வந்தார். அதைப் போட்டோ எடுக்கச் சொல்லி, பிரதியைத் தன் மனுக்கள் இருக்கும் பைலில் வைத்துக்கொண்டார்.

சிக்கல் கலைவேந்தனுக்குத்தான். தலைப்பாகையும் மீசையும் முறுக்கி முடித்தாகிவிட்டது. அத்தனை சிமெண்டை வீணாக்க மனம் வரவில்லை. தலைப்பாகையைத் திமிலுக்கு ஏற்றினான். மீசையின் இரண்டு முனைகளையும் நிமிர்த்திக் கொம்பாக்கினான். கண்ணை மட்டும் மாற்ற முடியவில்லை. அது பலராமன் கொடுத்த தாண்டவராயரின் பழைய போட்டோவைப் பார்த்துச் செய்த கண். அதனால் செலியமேடு வளைவின் உச்சியில் நிற்கிற மயிலைக் காளை, போகிற வருகிறவர்களை ஒரு நிலக்கிழாரின் மிடுக்கோடு பார்க்கிறது. பஸ் கண்டக்டர்கள் இப்போது "காளை ஸ்டாப், காளை ஸ்டாப்" என்றுதான் கூவுகிறார்கள்.

பூஜை அறையில் வெள்ளித் தட்டு காலியாக இருக்கிறது. வில்லை இரண்டு பக்கமும் தெரிகிற கண்ணாடிப் பெட்டிக்கு மாறிவிட்டது. வள்ளியம்மாள் வெள்ளிக்கிழமைகளில் முன்பக்கத்துக்கு ஒரு பூ வைக்கிறாள், பின்பக்கத்துக்கு ஒரு பிடி அருகம்புல் வைக்கிறாள். புளி இல்லை.

மூன்று மாதம் ஆனது. பலராமன் வீட்டுக்கு யாரோ உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர் வளைவின் நிழலில் அவர்களை நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க வூட்டு மயிலைக் காளை உள்ள வர்றத பாத்ததும், அத்தினி கூட்டத்துல, கவர்னரே நாற்காலிய வுட்டு எழுந்து நின்னாராம்!"

எதிர் டீக்கடையிலிருந்து ஒரு குரல் வந்தது. "எந்தக் கவர்னரு பலராமா? எழுந்து நின்னதுக்கு ஆதாரம் இருக்குதா?"

பலராமன் அசரவில்லை. அங்கேயே, விருந்தாளிகள் முன்னாலேயே, போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா செல்வகுமாரி, அந்தக் கண்காட்சி அன்னிக்குக் கவர்னரு எழுந்து நின்னாரான்னு பழைய பேப்பருல பாக்க முடியுமா?"

"பாக்கலாம் ஐயா" என்றது போன். "ஆனா உக்காந்திருந்தார்னு இருந்தா, அதையும் எழுதித்தான் குடுப்பேன்."

"எழுதும்மா, எழுது" என்றார் பலராமன். "ரெண்டு பக்கமும் எழுது." போனை வைத்துவிட்டு விருந்தாளிகளிடம் திரும்பினார். "எழுந்துதான் நின்னிருப்பாரு. காளையப் பாருங்க, எவன் உக்காந்திருப்பான்?"